மூன்று வயதில் என்ன விளங்கும்?

போன மாதம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டாள். "அக்கா, இவனை ஓய்வுநாள் பாடசாலைக்கு அனுப்பு அனுப்பு எண்டு சொல்லுறீங்க. இப்பதான் மூண்டு முடிஞ்சிருக்கு. அங்க வந்து இவனுக்கு என்னத்த விளங்கப்போகுது? ஒரு ஆறேழு வயசு வரட்டுமே?" இடுப்பில் பெடியன், கையில் சோற்றுக் கோப்பை, பெடியனின் கன்னத்தில் பருப்பு. எனக்கு அடுப்பில் பால் பொங்கப்போகிற நேரம். "வந்து விளையாடட்டும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு மெதடிஸ்த திருச்சபையில் பாலர் வகுப்பு எடுக்கிறேன். 2003 இல் தொடங்கியது. பிள்ளைப்பேற்றுக்காக விட்ட மாதங்களையும் கொரோனாக் காலத்தையும் கழித்தால் மிச்சமெல்லாம் அந்தப் பாயில்தான் போயிருக்கிறது. கிழமை நாட்களில் கணக்கு வேலை, ஞாயிறு காலையில் பதினைந்து இருபது பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை. ஒரு பிளனல் பலகை, ஒரு பெட்டி பஸ்டல், கடகடவென்று சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. கோட்டைப் பக்கத்து மான்கள் சில நாள் வளவுக்குள்ளேயே வந்து நின்றுவிடும். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். தானியேலின் சிங்கங்கள் எத்தனை இருந்தாலும் யன்னலுக்கு வெளியே நிற்கிற ஒரு மானுக்கு ஈடாகாது.

சரி, என்ன விளங்கும்? நீங்களும் நானும் விளங்குவது என்று எதைச் சொல்கிறோமோ அந்தக் கணக்கில் ஒன்றுமே விளங்காது. இரட்சிப்பு என்றால் என்ன, திரியேகம் என்றால் என்ன என்று கேட்டால் பெரிய ஆட்களே முகட்டைப் பார்க்கிறோம். ஆனால் பிள்ளை தமிழ் பழகியது எப்படி? யாராவது எழுவாய் பயனிலை விளங்கப்படுத்தினார்களா? தாலாட்டு, திட்டு, கொஞ்சல், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் காதில் விழுந்து விழுந்து ஒருநாள் வாயால் வந்தது. பெரும்பாலான ஆட்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய எந்தச் சம்பவமும் நினைவில் நிற்பதில்லை என்று மனவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், எனக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் அந்த மூன்று வருடத்தில் பழகின தமிழ் எங்கேயும் போகவில்லையே. படித்த நாள் மறந்துபோகும், படித்தது கிடக்கும். விசுவாசத்துக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அதைச் சின்ன வயதில் காதில் போட்டு வைத்தால் அது தாய்மொழி மாதிரி. பிறகு பழகினால் இங்கிலீஷ் மாதிரி, பிழையில்லாமல் பேசுவோம், ஆனால் கால் இடறினால் வாயில் வருவது தமிழ்தானே.

ஒரு சின்ன உதாரணம். 23ஆம் சங்கீதத்தைத்தான் எல்லா வருடமும் முதலில் எடுப்பேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." இந்த ஒரு வரியில் பாலர் வகுப்புக்குத் தெரியாத சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நகரத்துப் பிள்ளைகள் செம்மறியாட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி. மேய்ப்பர் என்றால் யார் என்று கேட்டேன். ஒருவன் "மேய்க்கிற ஆள்" என்றான். எதை? அதற்குப் பதில் இல்லை. தம்பலகாமத்திலிருந்து அம்மம்மா வீடு மாறி வந்த ஒரு பிள்ளை மட்டும் எழும்பி, "எருமை பட்டி இருக்கெல்லோ ரீச்சர், பின்னேரத்தில பட்டிக்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டா எல்லாம் வரும், வராததைத் தேடிக்கொண்டு சேத்துக்குள்ள இறங்குவார்" என்றாள். இதைவிட நல்ல வியாக்கியானத்தை நான் ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் நல்ல மேய்ப்பருக்குப் பட்டிக்கார மாமா என்று பெயர். போதகர் ஐயா ஒருநாள் கேட்டுவிட்டுச் சிரித்தார், திருத்தவில்லை. தாழ்ச்சி என்ற சொல்லை நான் இன்றைக்கும் விளங்கப்படுத்துவதில்லை. சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டட்டும். தாழ்ச்சி என்றால் என்ன என்று வாழ்க்கை தன்பாட்டில் சொல்லிக்கொடுக்கும், அந்த நேரம் வரி கைவசம் இருந்தால் போதும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கினபோது எனக்கு எட்டு வயது. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு வெளிக்கிட்டோம், எத்தனையோ குடும்பங்களோடு ஒரு பாடசாலைக் கட்டடத்தில் படுத்தோம். விளக்குக் கொளுத்த விடமாட்டார்கள். இருட்டில் சத்தம் கேட்கும்போது பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழத் தொடங்கும். எங்கள் அம்மம்மா வாங்குக்குக் கீழே இருந்துகொண்டு, "சரி பிள்ளையள், எங்க, கர்த்தர் என் மேய்ப்பர்" என்று மெதுவாக எடுத்துக்கொடுப்பா. தெரிந்த பிள்ளைகள் சொல்லும். சைவப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களிடம் "நீங்க தேவாரம் சொல்லுங்க" என்பா, அவர்கள் தேவாரம் சொல்வார்கள். இரண்டும் ஒரே இருட்டுக்குள்தான் சொல்லப்பட்டது. எனக்கு அப்போது அதன் கருத்துத் தெரிந்ததா என்று கேட்டால் இல்லை. ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அழுகை வரவில்லை, அது நல்ல ஞாபகம். அந்த இருட்டில் இருந்து புதிதாக ஒன்றைப் பாடமாக்க யாருக்கும் ஏலாது. மூன்று நான்கு வயதில் போட்டு வைத்ததுதான் அன்றைக்கு வெளியே வந்தது.

ஆகவே என் கட்சி இதுதான். சொல் முதலில் வரவேண்டும், தேவை பிறகு வரும். நாங்கள் மாறி நினைக்கிறோம், தேவை வரும்போது பிள்ளை தானே தேடிக்கொள்ளும் என்று. காய்ச்சல் வந்த பிறகா பனடோல் வாங்கக் கடைக்கு ஓடுவது, அதுவும் நடுச்சாமத்தில்?

இதை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் கொமேனியஸ் என்று ஒரு கிறிஸ்தவப் பேராயர் இருந்தார், சண்டையில் ஊர் ஊராக விரட்டப்பட்ட மனிதர், பிள்ளையின் முதல் ஆறு வருடத்துக்கும் தாயின் மடிதான் பாடசாலை, கடவுள் பக்தியும் அங்கேதான் தொடங்கவேண்டும் என்று எழுதி வைத்தார். கத்தோலிக்கப் பக்கத்தில் முந்தி முதல் நன்மை எடுக்க, அதாவது பூசையில் கொடுக்கிற அப்பத்தை முதன்முதலாக வாங்க, பத்துப் பன்னிரண்டு வயது, சில இடத்தில் அதற்கும் மேலே ஆகவேண்டும் என்று இருந்ததாம். 1910 இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் அதை ஏழு வயதளவுக்குக் கொண்டுவந்தார். அந்த அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும், மிச்சம் வளர வளர வரட்டும் என்பதுதான் நியாயம். பாலையூற்றில் இருக்கிற என் மச்சாள் இதைச் சொல்லிச் சொல்லியே தன் மகளை மறைக்கல்விக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் நல்ல சாட்சி ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். பிறகு சைவத்துக்காகத் தனிவழி போனார். போனவர் முதலில் செய்தது என்ன? 1848 இல் வண்ணார்பண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தார், அப்புறம் சிறுபிள்ளைகளுக்கென்று படிப்படியாகப் பாலபாடங்கள் எழுதினார். மிஷனோடு அவருக்கு எத்தனையோ சண்டை, ஆனால் சின்னதிலேயே தொடங்கவேண்டும் என்ற விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ணம். இன்றைக்கும் ஞாயிறு காலையில் எங்கள் தெருவால் பாருங்கள், வெள்ளைச் சட்டையோடு அறநெறிப் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளும் பைபிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிற எங்கள் பிள்ளைகளும் சந்தியில் நின்று கதைத்துவிட்டுப் பிரிவார்கள். முஸ்லிம் பிள்ளைகள் அதற்கு முதலே ஓதப் போய் வந்திருக்கும்.

பிரிவார்கள் என்று எழுதிவிட்டேன், உண்மையில் இப்போது எல்லாரும் பிரிந்து போகிற ஒரே இடம் ரியூசன். 1780 இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரத்தில் ரொபேர்ட் றெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பாடசாலை நடத்தத் தொடங்கினதுக்குக் காரணம், வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாளும் இல்லை. தரம் 3 இல் மெதுவாகத் தொடங்கும், தரம் 4 இல் இறுகும், புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை ஞாயிறு காலை 7 மணிக்கே வகுப்பு. பரீட்சை முடிந்தால் திரும்பி வரும் என்று பெற்றோர் சொல்வார்கள். வராது. அதற்குள் பழக்கம் விட்டுப்போயிருக்கும், சாதாரண தரத்துக்கு வேறு ரியூசன் தொடங்கியிருக்கும். என் பாலர் வகுப்பில் இருபது பிள்ளை இருக்கிற நாளில் பெரிய வகுப்பில் நாலு பேர் இருப்பார்கள். ஆறேழு வயது வரட்டும் என்கிற தங்கச்சிக்கு நான் சொல்ல நினைத்த முதல் நியாயமே இதுதான்: ஆறேழு வயது வந்தால் அவன் உனக்கே கிடைக்கமாட்டான், எனக்கு எங்கே கிடைப்பது?

பாடசாலையில் சமயம் இருக்கிறதுதானே என்பார்கள். இருக்கிறது. தரம் 1 இலிருந்து சாதாரண தரம் வரை கட்டாய பாடம், கத்தோலிக்கம் ஒரு பாடம், கிறிஸ்தவம் வேறொரு பாடம். ஆனால் என் மகளின் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மூன்றே பேர், படிப்பிக்க ஆளில்லை, அந்தப் பாடவேளைக்கு நூலகத்தில் போய் இருக்கச் சொல்வார்கள். "அது எங்களுக்கு ஃப்ரீ அம்மா" என்று வந்து சந்தோஷமாகச் சொன்னாள். யாரைக் குறை சொல்வது, மூன்று பிள்ளைக்கு ஒரு ஆசிரியரை யார் தருவார்கள். அம்மம்மா படித்த காலம் வேறு, மணி அடித்தவுடன் வேதபாடம்தான் என்பா. 1960, 61 இல் மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்த பிறகு அந்த வேலை வீட்டுக்கும் கோயிலுக்கும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்பதே பலருக்கு இன்னும் தெரியாது.

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். சின்ன வயதில் போடுவது ஆழமாகப் போகும் என்றால் பிழையாகப் போட்டதும் அப்படித்தானே போகும்.

2010 ஆம் ஆண்டு. பாலர் வகுப்புக்கு நோவாவின் கதை. றெஜிபோமில் பேழை வெட்டி, மிருகங்களுக்கு நிறம் அடித்து, என்னுடைய பழைய நீலச் சேலையைத் தண்ணீராக விரித்து, பெரிய எடுப்பு. சேலையை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டச் சொன்னேன், பிள்ளைகள் ஒரே கூச்சல். ஐந்து வயது மகன் ஒருவன் மட்டும் சேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான்.

"ரீச்சர், அந்தத் தண்ணி கடலா?"

"ஓம் மகன், கடல் மாதிரித்தான்."

"கூடாத ஆக்கள் மட்டுந்தானா செத்தது?"

"ஓம்" என்றேன். என் கண் பேழையில், ஒட்டினது கழன்றுகொண்டிருந்தது.

"அப்ப எங்கட அண்ணா கூடாத பிள்ளையா?"

அவன் வீட்டில் முன்னறைச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. மாலை போட்டு, சின்ன மின்குமிழ் எரியும். 2004 டிசம்பர் 26, சுனாமி கொண்டுபோன பிள்ளை. இவன் அதற்குப் பிறகு பிறந்தவன், அண்ணாவைப் படத்தில்தான் தெரியும். கடற்கரை ஊரில், ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு படம் மாட்டியிருக்கிற ஊரில், நான் நீலச் சேலையை ஆட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். "இல்ல ராசா, இல்ல" என்று அவனைத் தூக்கி மடியில் வைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒரு வசனமும் வரவில்லை, பணிஸைப் பத்து நிமிடம் முந்தியே கொடுத்து வகுப்பை முடித்துவிட்டேன்.

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு சொன்னா: "நான் அஞ்சு வருஷமா அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன் ரீச்சர். ஆனா அவனுக்கு நான் அதைச் சொல்லிக் குடுக்கல்ல."

நான் வகுப்பை விட்டுவிடுவதாக இருந்தேன். போதகர் ஐயா விடவில்லை, ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். அங்கேதான் சோபியா கவலெற்றி என்ற பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ரோம் நகரத்துக் கத்தோலிக்கர், எபிரேய வேதாகமத்தில் படித்த ஆள், 1954 இல் தற்செயலாக ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லப்போய் வாழ்நாள் முழுக்க அதையே செய்தவர். மொன்ரிசோரி முறையில் சின்ன மர உருவங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, எந்தக் கதையில் அவர்கள் நேரம்போவது தெரியாமல் இருக்கிறார்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போனது நல்ல மேய்ப்பரிடம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், எண்ணிப் பார்க்கிறவர், காணாமல் போனதைத் தேடிப் போகிறவர். அந்த வயதுக்கு முதலில் வேண்டியது என்னை ஒருவருக்குத் தெரியும் என்கிற நம்பிக்கை, சரி பிழையும் தீர்ப்பும் அதற்குப் பிறகு வரலாம். ஜேம்ஸ் பவுலர் என்ற அமெரிக்கர் விசுவாசம் எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று ஆராய்ந்து 1981 இல் எழுதினார், அவரும் மூன்றிலிருந்து ஏழு வயதுவரை பிள்ளை கற்பனையால்தான் கடவுளைப் பிடித்துக்கொள்ளும், அப்போது பதிகிற பயங்கரமான படங்கள் நெடுங்காலம் கூடவே வரும் என்கிறார். நெருப்பையும் நரகத்தையும் காட்டிப் பிள்ளையை அடக்குகிற ஆட்கள் இதைக் கொஞ்சம் வாசிக்கலாம். "இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்று சோறு தீத்துகிற தாய்மாரும்தான்.

நோவாவை நான் இப்போது பாலர் வகுப்புக்குச் சொல்வதில்லை. பெரிய வகுப்பில் சொல்கிறார்கள், சொல்லட்டும். வீட்டுக்காரர் ஒரு பழைய அலுமாரிப் பலகையில் பட்டிக்காரரையும் பத்து ஆட்டையும் வெட்டித் தந்தார், ஆடு கொஞ்சம் நாய் மாதிரி இருக்கும். ஒன்றை வேண்டுமென்றே பாய்க்குக் கீழே ஒளித்து வைப்பேன். பத்து ஆடும் வந்ததா என்று எண்ணுவார்கள். ஒன்பது. அந்த நேரம் அந்த முகங்களைப் பார்க்கவேண்டும். மூன்று வயதுக்கு என்ன விளங்கும் என்று கேட்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த ஒன்பதாவது எண்ணிக்கையில் நின்று பாருங்கள்.

2019 உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 21. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டுவெடித்துக் கொல்லப்பட்டவர்களில் ஓய்வுநாள் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். எங்களுக்கு அது பக்கத்து ஊர், சொந்தக்காரர் இருக்கிற ஊர். கிழமைக்கணக்கில் எங்கள் வகுப்பு நடக்கவில்லை. திரும்பத் தொடங்கின அன்றைக்குப் படலையில் பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள், பஸ்டல் பெட்டியையும் திறந்து காட்டினேன். வந்தது ஆறு பிள்ளைகள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, 2010 இல் வாயைக் கொடுத்த பயம் வேறு. ஒன்றும் சொல்லாமல் மர ஆடுகளை எடுத்து வைத்தேன். ஜெபிக்க விருப்பமான ஆள் ஜெபிக்கலாம் என்றேன். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இயேசப்பா, அந்தப் பிள்ளைகளைத் தோளில தூக்கிக்கொண்டு போங்க, அதுகளுக்குக் கால் நோகும்" என்றது. எங்கள் திருச்சபையில் அந்த மாதம் எத்தனையோ ஜெபம் நடந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான்.

மற்ற பலன்கள் என்று சபை ஆண்டு விழாக்களில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். ஒழுக்கம், பணிவு, மேடைக் கூச்சம் போவது, பாட்டு. உண்மைதான், நத்தார் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக நின்ற பிள்ளைகள் பிறகு தமிழ்த் தினப் போட்டியில் மைக்கைப் பிடித்துக் கலக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காக அனுப்புவதென்றால் பேச்சு வகுப்புக்கு அனுப்பலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பாலர் வகுப்புப் பிள்ளைக்குத் தாய் தகப்பனைத் தவிர பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பத்துப் பெரியவர்கள் கிடைக்கிறார்கள். காணிக்கைத் தட்டைத் தூக்கிப் பிடிக்க விடுகிற தாத்தா ஒருவர், சப்பாத்துக் கழன்றால் குனிந்து போட்டுவிடுகிற மாமி ஒருவர். அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு வெளிக்கிட்டால் போய் நிற்க ஒரு இரண்டு வீடாவது இருக்கும்.

மனன வசனப் போட்டி, பரிசு, யார் கூட வசனம் சொல்வது என்று தாய்மார் கணக்குப் பார்ப்பது, இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. புலமைப்பரிசில் போதாதென்று இங்கேயும் ஒன்றா.

இன்னொன்று. பிள்ளையைப் படலையில் இறக்கிவிட்டு மோட்டார்சைக்கிளைத் திருப்புகிற அப்பாமாருக்கு ஒரு கணக்கு. கிழமைக்கு 168 மணித்தியாலம். அதில் எனக்குத் தருவது ஒன்று. பரீட்சை, மழை, கலியாணவீடு எல்லாம் கழித்தால் வருடத்தில் 40 மணித்தியாலம் வந்தால் பெரிய காரியம். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு பிள்ளையை விசுவாசியாக்க முடியாது. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதின கடிதத்தில் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பெயரோடு இருக்கிறது: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். அங்கே ரீச்சரின் பெயர் இல்லை. படுக்கப்போக முன் ஐந்து நிமிடம், சாப்பிட முன் அரை நிமிடம், பிழை செய்தால் பிள்ளையிடம் வாய்திறந்து மன்னிப்புக் கேட்கிற தகப்பன், இது போதும்.

பிள்ளையின் மனதை ஒரு சமயத்துக்குள் பூட்டுகிறீர்கள், வளர்ந்து தானே தெரிவு செய்யட்டும் என்று சொல்கிற படித்த நண்பர்களும் எனக்கு இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. திருகோணமலையில் இருந்துகொண்டு நான் பார்த்தது இதுதான்: தன் வீட்டில் கும்பிடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டில் கும்பிடுகிறபோது சத்தம் போடக்கூடாது என்று தெரியும். கோணேசர் கோயில் தேர் எங்கள் தெருவால் வருகிற அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள்தான் முதலில் ஓடிப்போய் ஒதுங்கி நிற்பார்கள். எதுவுமே தெரியாமல் வளர்ந்து தெரிவு செய்யப்போகிற பிள்ளை எதிலிருந்து எதைத் தெரிவு செய்யும் என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

அதற்காக, சின்னதில் போட்டால் கட்டாயம் நிற்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற வசனம் எங்கள் வகுப்பறைக் கதவுக்கு மேலேயே எழுதியிருக்கிறது. "முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற மற்றப் பாதியும் கீழே இருக்கிறது. அந்தக் கதவால் மூன்று வயதில் உள்ளே வந்த என் சொந்த மகன் பதினைந்து வயதில் கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை, "எனக்கு வர விருப்பம் இல்ல அம்மா" என்றான், அவ்வளவுதான். ஞாயிறு காலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுக்க நான் வெளிக்கிடும்போது அவன் போர்வைக்குள் கிடப்பான். சபையில் சில பேர் கேட்பார்கள், சில பேர் கேட்காமல் பார்ப்பார்கள். இதையும் தங்கச்சியிடம் மறைக்கக்கூடாது.

2022 மாரியில் அம்மம்மா எங்களோடு இருந்தா. 88 வயது, நினைவு நன்றாகத் தட்டுப்பட்டுவிட்டது. என்னைத் தன் தங்கச்சி என்று நினைப்பா, மகனை ஆரென்றே தெரியாது, "இந்தப் பெடியன் ஏன் எங்கட வீட்டில படுக்கிறான்" என்று கேட்பா. இரவில் நித்திரை வராது. ஒருநாள் வெளியே நல்ல மழை, கரண்டும் இல்லை, நான் குசினியில் மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மம்மாவின் குரல் கேட்டது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன். அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து..." அதோடு நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினா, திரும்ப அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தரமும் அப்படியே. நான் எடுத்துக்கொடுக்கலாம் என்று திரும்ப, பக்கத்து அறையில் போனுக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்த மகன், தலையை நிமிர்த்தாமலே, "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில் என்னைக் கொண்டுபோய் விடுகிறார்" என்றான்.

"ஓம், அதுதான்" என்று சொல்லிவிட்டு அம்மம்மா அடுத்த வரிக்குப் போனா.